ஒரே பள்ளி, தனித்தனி மேசை

ஆசிரியருக்கு,

அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்ற 1954 பிரவுன் தீர்ப்பு பற்றிய கட்டுரை படித்தேன். தீர்ப்போடு எல்லாம் சரியாகிவிட்டதுபோல முடித்திருக்கிறீர்கள். ஒரே கட்டடத்தில் சேர்த்தால் மட்டும் பிள்ளைகள் கலந்துவிடுவதில்லை. 1990களில் நாங்கள் அமெரிக்காவின் சார்லட் நகரில் இருந்தோம். இன வாரியாகப் பிரிந்திருந்த பள்ளிகளைக் கலக்கப் பேருந்தில் பிள்ளைகளை அனுப்பலாம் என 1971இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற ஊர் அது. என் மகளின் பள்ளியில் மதிய உணவு மேசைகள் நிறவாரியாகத்தான் நிரம்பும். பேண்டு வகுப்பில் மட்டும் இருவருக்கு ஒரே இசைத்தாள். அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்த கறுப்பினத் தோழி இன்றும் அவளுக்குப் போன் செய்கிறாள்.

அப்புறம், தீர்ப்புக்குப் பிறகு பள்ளிகளை இணைக்கக் கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டபோது வேலையிழந்த ஆயிரக்கணக்கான கறுப்பின ஆசிரியர்கள் பற்றி ஒரு வரிகூட இல்லையே? அடுத்த கட்டுரையை அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி