செயலாளரின் ஆண்டறிக்கை: வர்த்தகத் துறைச் சீரமைப்பும் நமது ஓராண்டு வாசிப்பும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு தலைப்பு என்று தாவித் தாவிப் படிப்பதை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் ஒரே பொருளைப் பிடித்துக்கொள்வோம் என்று சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். நமது வாசகர் வட்டத்துக்கு இது முதல் முயற்சி. ஏற்றுமதி பெருக வேண்டும், உள்நாட்டுத் தொழில் உலகச் சந்தையில் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று சொல்லி அரசாங்கங்கள் தங்கள் துறைகளை இணைக்கின்றன, பிரிக்கின்றன, பெயர் மாற்றுகின்றன. அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் நாம் எடுத்துக்கொண்ட கேள்வி. நிர்வாகச் சீரமைப்பு என்றால் யார் வந்து உட்காருவார்கள் என்று சிலர் தயங்கினார்கள். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், கூட்டத்துக்குக் கூட்டம் கையெழுத்துகள் கூடியிருப்பது தெரியும். இரண்டு கூட்டங்களில் நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று.

முதல் கூட்டத்தை ஏற்றுமதித் தொழிலில் நெடுங்காலம் இருந்த நமது மூத்த உறுப்பினர் நடத்தினார். உரை எதுவும் எழுதி வரவில்லை. துரு ஏறிய கிளிப்போடு ஒரு பழைய கோப்பைக் கொண்டுவந்து, உள்ளே இருந்த தாள்களை மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். எல்லாம் ஒரே ஒரு சரக்குக்கானவை. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்று சொல்லும் சான்றிதழ், பூச்சி இல்லை என்னும் தாவர நலச் சான்றிதழ், தாள்கள் எல்லாம் பொருந்தியிருந்தால் பணம் தருவதாக வங்கி உறுதி சொல்லும் கடன் கடிதம். மேசை நிறைந்துவிட்டது. ஒவ்வொரு தாளும் வெவ்வேறு அலுவலகத்தின் கதவைத் தட்டி வந்தது. முத்திரைகளின் நிறம்கூட வேறு வேறு.

அதில் ஒரு தாளில் அவருடைய நிறுவனப் பெயரின் கடைசி எழுத்து விடுபட்டிருந்தது. கடன் கடிதத்தில் 'சன்ஸ்' என்று இருக்கிறது, சான்றிதழில் 'சன்' என்று இருக்கிறது, அவ்வளவுதான். வங்கி பணம் தர மறுத்தது. சான்றிதழ் தந்த அலுவலகத்துக்குப் போனால் துறையிடம் கடிதம் வாங்கி வா என்றார்கள். துறைக்குப் போனால் இது எங்கள் தவறில்லை என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் அவரவர் விதிப்படி சரிதான். அதற்குள் சரக்கு துறைமுகத்தில் இறங்கி, தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த ஆர்டரை வாங்குபவர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். "யாரிடம் போய்க் கேட்பது என்று மட்டும் ஒருவர் சொல்லியிருந்தால் போதும்" என்றார் அவர். ஆண்டு முழுவதும் நாம் படித்த ஒவ்வொரு சீரமைப்பையும் இந்தச் சொல்லை வைத்தே அளந்து பார்த்தோம். அந்தக் கோப்பை அவர் வட்டத்துக்கே கொடுத்துவிட்டார். நூலக அலமாரியின் முதல் தட்டில் இருக்கிறது.

அடுத்து வந்த மூன்று கூட்டங்களும் அமெரிக்காவுக்கே போயின. நேரம் கூடுதலாக ஆனது உண்மை, ஆனால் பொருள் அப்படிப்பட்டது.

அங்கே வர்த்தகப் பேச்சுவார்த்தை நெடுங்காலம் வெளியுறவுத் துறையிடம் இருந்தது. நட்பு நாடுகளைத் திருப்திப்படுத்துவதற்காக உள்நாட்டுத் தொழிலை விட்டுக்கொடுக்கிறார்கள் என்று நாடாளுமன்றத்தில் வருத்தம். அதனால் 1962ஆம் ஆண்டின் வர்த்தக விரிவாக்கச் சட்டம், அதிபருக்கு நேராகப் பதில் சொல்லும் தனி வர்த்தகப் பிரதிநிதி ஒருவரைக் கொண்டுவந்தது. 1974ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டம் அந்தப் பதவியை அமைச்சர் நிலைக்கு உயர்த்தியது. அப்புறம் 1979இல் அதிபர் கார்ட்டர் கொண்டுவந்த சீரமைப்புத் திட்டம். நமது கூட்டங்களிலேயே அதிகம் விவாதிக்கப்பட்டது இதுதான்.

வெளிநாட்டுப் பொருளை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரியை, அதாவது ஆன்டி டம்பிங் வரியை, அதுவரை கருவூலத் துறை பார்த்துவந்தது. ஜப்பானியத் தொலைக்காட்சிப் பெட்டிகள் அப்படிக் குவிக்கப்படுகின்றன என்று 1971இலேயே முடிவாகிவிட்டது. ஆனால் வரி வசூல் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கருவூலத்தின் முதல் கவலை நாணயமும் நிதியும். தொலைக்காட்சித் தொழிற்சாலையின் கவலை அங்கே எத்தனையாவது இடத்தில் இருந்திருக்கும்? 1979 திட்டம் இந்தப் பொறுப்பைக் கருவூலத்திலிருந்து எடுத்து வணிகத் துறையிடம் கொடுத்தது. வெளிநாட்டுத் தூதரகங்களில் வணிக வேலை பார்த்தவர்களையும் வெளியுறவுத் துறையிலிருந்து வணிகத் துறைக்கு மாற்றியது. 1980 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. புதிய கட்டடம் எதுவும் கட்டவில்லை. ஒரு வேலையை, அதில் அக்கறை உள்ளவர் கைக்கு, அதிகாரத்தோடு சேர்த்து மாற்றினார்கள். இதை ஒரு நல்ல சீரமைப்பு என்றே நான் கருதுகிறேன். ஒரு தொழிலைக் காக்கும் வேலையை அந்தத் தொழிலின் துறையிடமே கொடுத்தால் நடுநிலை கெடும் என்று நமது உறுப்பினர் ஒருவர் எதிர்த்துப் பேசியதையும் பதிவு செய்கிறேன். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

1983இல் அதிபர் ரீகன் ஒரு படி மேலே போய், சர்வதேச வர்த்தகத்துக்கும் தொழிலுக்கும் சேர்த்து ஒரே துறை வேண்டும் என்றார். வர்த்தகத்தையும் தொழிலையும் ஒன்றாகக் கவனித்த ஜப்பானின் அமைச்சகம் அப்போது எல்லோர் கண்ணையும் உறுத்திக்கொண்டிருந்த காலம். திட்டம் நாடாளுமன்றத்தைத் தாண்டவில்லை. அதே ஆண்டு அமைக்கப்பட்ட, ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனத்தின் ஜான் யங் தலைமையிலான தொழில் போட்டித்திறன் ஆணையம் 1985இல் அறிக்கை தந்தது. வர்த்தகத்துக்கு ஒரு துறை, அறிவியல் தொழில்நுட்பத்துக்கு ஒரு துறை என்று அது கேட்டது. அதுவும் நடக்கவில்லை.

ஒரே பொறுப்பு பல துறைகளில் சிதறிக் கிடப்பதை, 2011இல் அதிபர் ஒபாமா நாடாளுமன்ற உரையில் ஒரு மீனைச் சொல்லி விளக்கினார். சால்மன் மீன் நன்னீரில் நீந்தும்போது ஒரு துறையின் பொறுப்பு, கடலுக்குப் போனதும் இன்னொரு துறையின் பொறுப்பு. அடுத்த ஆண்டு ஜனவரியில், வணிகத் துறையின் வர்த்தகப் பிரிவுகள், சிறுதொழில் நிர்வாகம், வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம், ஏற்றுமதி இறக்குமதி வங்கி, வெளிநாட்டு முதலீட்டுக்கான நிறுவனம், வர்த்தக வளர்ச்சி முகமை என்று ஆறையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர அனுமதி கேட்டார். துறைகளை மாற்றி அமைக்க அதிபர்களுக்கு இருந்த அதிகாரம் 1984லேயே காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பித்துத் தர நாடாளுமன்றம் முன்வரவில்லை.

எதிர்த்தவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் 200 சொச்சம் பேர்தான். சின்ன இடம் என்பதால் முடிவு சீக்கிரம் வரும், அதிபரின் அருகில் இருப்பதால் எதிர்த் தரப்பு மதிக்கும். பல்லாயிரம் பேர் உள்ள துறைக்குள் போட்டால் அந்த வேகம் கரைந்துவிடும் என்றார்கள். இந்த இடத்தில் நமது வட்டம் இரண்டாகப் பிரிந்தது. கூட்டம் முடிந்த பிறகும் படிக்கட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என் கருத்தைக் கேட்டால், பேரம் பேசுபவரையும், வணிகருக்குக் கைகொடுப்பவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத் தேவையில்லை. முதலாமவருக்கு இரகசியம் வேண்டும், இரண்டாமவருக்குத் திறந்த கதவு வேண்டும்.

ஜப்பானுக்கு ஒரு கூட்டம் ஒதுக்கினோம். போருக்குப் பிறகு, 1949 மே மாதத்தில், வணிகத் தொழில் அமைச்சகத்தையும் வர்த்தக வாரியத்தையும் இணைத்து சர்வதேச வர்த்தகத் தொழில் அமைச்சகம் உருவானது. சுருக்கமாக மிட்டி. பெயரில் வர்த்தகம் முதலில், தொழில் பிறகு. அதன் பலம் பெயரில் இல்லை. அதே ஆண்டு வந்த அந்நியச் செலாவணிச் சட்டம், யாருக்கு எவ்வளவு டாலர் என்று ஒதுக்கும் அதிகாரத்தை அதன் கையில் கொடுத்திருந்தது. இயந்திரம் வாங்க வேண்டுமா, தொழில்நுட்பம் வாங்க வேண்டுமா, அங்கே போய் நிற்க வேண்டும். இறக்குமதி தாராளமாக ஆக அந்தப் பிடி தளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் கார் தயாரிப்பில் புதியவர்கள் நுழைய வேண்டாம் என்று அந்த அமைச்சகம் நினைத்தது. மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்த ஹோண்டா 1963இல் நுழைந்தே விட்டது. துறை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் எல்லாவற்றையும் முன்கூட்டிப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 2001 ஜனவரியில் ஜப்பான் அமைச்சகங்களை மொத்தமாகக் குறைத்தபோது மிட்டியும் பொருளாதார, வர்த்தக, தொழில் அமைச்சகமாக மாறியது.

தென் கொரியாவைப் பற்றிப் பேசியபோது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1960களின் நடுவிலிருந்து அதிபர் பார்க் சுங் ஹீ மாதந்தோறும் ஏற்றுமதிக் கூட்டம் நடத்தினார். அமைச்சர்களும் வணிகர்களும் ஒரே அறையில். சிக்கலைச் சொன்னால் அதற்குரிய அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும். 1964இல் 10 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி 1977இல் 1,000 கோடி டாலரைத் தொட்டது. இதை ஒரு கூட்டத்தின் சாதனை என்று சொல்லிவிட முடியாது. தொழிலாளர்களின் வாய் அடைக்கப்பட்ட காலம் அது, அதன் விலையை அவர்கள் கொடுத்தார்கள். அதை மறந்துவிட்டுப் புள்ளிவிவரத்தை மட்டும் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், கேள்வி கேட்பவரும் பதில் சொல்ல வேண்டியவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள் என்ற அந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனை அரைக் கூட்டத்தில் முடித்துவிட்டோம். 1970இல் வர்த்தகத்தையும் தொழிலையும் இணைத்தார்கள், 1974இல் மூன்றாகப் பிரித்தார்கள், 1983இல் மீண்டும் சேர்த்தார்கள், 2007இல் இரண்டாக்கினார்கள், 2009இல் ஒன்றாக்கினார்கள், 2016இல் சர்வதேச வர்த்தகத்துக்குத் தனித் துறை, 2023இல் அதையும் வணிகத் துறையோடு சேர்த்தார்கள். நடுவில் 2005இல் ஒரு பெயர் மாற்றம் ஒரே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. ஒவ்வொரு முறையும் பலகை, லெட்டர் பேடு, முகவரி எல்லாம் மாறும். தொலைபேசியில் யாரைக் கூப்பிடுவது என்று கண்டுபிடிக்கவே சிறு நிறுவனங்களுக்கு மாதங்கள் போயிருக்கும். கனடாவும் 2003 டிசம்பரில் வெளியுறவையும் வர்த்தகத்தையும் பிரித்தது. அதற்கான மசோதாக்கள் 2005இல் தோற்றன. 2006இல் பழையபடி சேர்ந்துகொண்டன.

சிங்கப்பூரில்தான் நமது மூத்த உறுப்பினரின் கேள்விக்கு நேரான பதில் கிடைத்தது என்று நினைக்கிறேன். 1989இல் அங்கே டிரேட்நெட் என்ற மின்னணு ஏற்பாடு வந்தது. சுங்கம், மற்ற அனுமதி அலுவலகங்கள் எல்லாம் தனித்தனியாகவே இருந்தன. வணிகர் ஒரே படிவத்தை ஒரே இடத்தில் கொடுத்தால் போதும், உள்ளே அது தானாகப் பிரிந்து உரிய மேசைகளுக்குப் போகும். நாள்கணக்கில் ஆன அனுமதி நிமிடக்கணக்கில் வந்தது. பெயர் ஒரே இடத்தில் ஒரே முறை எழுதப்படுவதால், 'சன்ஸ்' ஒரு தாளில் 'சன்' ஆகும் வாய்ப்பும் குறைவு. 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தமும் இத்தகைய ஒற்றைச் சாளரத்தை நிறுவ முயலுமாறு உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. துறைகளை இணைக்க ஆண்டுகள் ஆகும். தாள் போகும் வழியைச் சரிசெய்ய அவ்வளவு அரசியல் தேவையில்லை. இதையே முதலில் செய்ய வேண்டும் என்பது இந்த ஆண்டு முடிவில் என் உறுதியான கருத்து.

சீனா 2003இல் வணிக அமைச்சகத்தை அமைத்து உள்நாட்டு, வெளிநாட்டு வர்த்தகங்களை ஒன்றாக்கியதைப் பற்றிய உரை, உரையாளரின் உடல்நலக் குறைவால் தள்ளிப்போனது. அவர் நலமாகிவிட்டார். வரும் ஆண்டின் முதல் கூட்டம் அவருடையதே.

இனி வட்டத்தின் உள் விவகாரம். நூலகக் குழுவையும் கூட்டக் குழுவையும் இணைக்கலாம் என்ற யோசனை நிர்வாகக் குழுவில் வந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்று பரிந்துரைக்கிறேன். உறுப்பினர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: நூல் கேட்டு எழுதிய கடிதத்துக்கு யார் பதில் தருவார் என்று தெரியவில்லை. இரண்டு குழுக்களுக்கும் பொதுவாக ஒருவரை நியமித்து, வரும் கடிதங்களை ஒரே பதிவேட்டில் ஏற்றி, பதில் போன தேதியையும் அதிலேயே குறித்துவைத்தால் போதும். இணை செயலாளர் அந்தப் பொறுப்பை ஏற்கச் சம்மதித்திருக்கிறார்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வைக்கிறார். தணிக்கை முடிந்துவிட்டது. உரை நிகழ்த்தியவர்கள், குறிப்பெடுத்தவர்கள், நாற்காலி தூக்கிய இளைஞர்கள், எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, ஒற்றைச் சாளர ஏற்பாடு உள்ள நாடுகளில் சிறு ஏற்றுமதியாளரின் தாள் எத்தனை மேசைகளைக் கடக்கிறது என்பதை மட்டும் ஆறு மாதம் படிப்பது. இரண்டு, மூத்த உறுப்பினரின் கோப்பிலுள்ள தாள்களை வரிசைப்படுத்தி, எந்தத் தாள் எங்கே நின்றது என்ற குறிப்போடு நூலகத்தில் பார்வைக்கு வைப்பது.

இந்த அறிக்கையையும் தீர்மானங்களையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்