கம்ப்யூட்டட் பட்டியலை அப்படியே நம்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மாணவர் இணைப்பில், ஒரு வலைப்பக்கத்தை பிரவுசரிலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ரைட் கிளிக், இன்ஸ்பெக்ட், எலிமென்ட்ஸ், ஸ்டைல்ஸ் என்று படிப்படியாக, படங்களோடு, புரியும் தமிழில் எழுதியிருந்தார்கள். இந்த விஷயம் தமிழில் படிக்கக் கிடைப்பதே அபூர்வம். எழுதியவருக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். ஆனால் கடைசிப் பத்தியில், ஸ்டைல்ஸுக்குப் பக்கத்தில் உள்ள கம்ப்யூட்டட் (கணக்கிடப்பட்டது) என்ற பகுதியில் தெரியும் எண்கள்தான் பிரவுசரின் முடிவான கணக்கு, அவற்றைக் குறித்துக்கொண்டு அப்படியே பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம்.

நான் பெங்களூரில் வலைப்பக்கங்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். வீடு அல்சூரில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வருவார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள். சிலர் மெட்ரோவில் ஒயிட்ஃபீல்டு போய் டெஸ்டிங் வேலை பார்க்கிறார்கள், சிலர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் படித்தால் பாதிதான் புரிகிறது என்பதால் தமிழில் வரும் எதையும் விடமாட்டார்கள். உங்கள் கட்டுரையை ஃபோனில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பெண் கேட்டாள்: “அக்கா, ஸ்டைல்ஸ்ல 50 பர்சென்ட்னு இருக்கு, கம்ப்யூட்டட்ல 412 பிக்சல்னு காட்டுது. பேப்பர்ல போட்டிருக்கிற மாதிரி 412-னே எழுதிடட்டுமா?”

எழுதக் கூடாது. ஸ்டைல்ஸில் இருப்பது பக்கத்தை எழுதியவர் கொடுத்த விதி. 412 ஏன் கூடாது என்று சொல்ல, பிரவுசர் எந்த வரிசையில் வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பெட்டியின் அகலத்தை நாலு இடத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். எது செல்லும் என்று பிரவுசர் முதலில் தீர்மானிக்கிறது. தோற்றுப்போனவற்றை ஸ்டைல்ஸ் பகுதியில் குறுக்கே கோடு போட்டுக் காட்டும். அடுத்து, பக்கத்தை இன்னும் அடுக்கிப் பார்க்காமலே எதையெல்லாம் கணக்கிட முடியுமோ அதையெல்லாம் கணக்கிடுகிறது. வெளியே சுற்றியிருக்கும் தாய்ப்பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சல் என்றால், 2 எம் (2em), அதாவது அதைப்போல் இரண்டு மடங்கு என்று எழுதிய எழுத்தளவு அங்கேயே 32 பிக்சல் ஆகிவிடும். ஆனால் 50% அகலம் 50% ஆகவே நிற்கும், ஏனென்றால் எதில் பாதி என்பது அந்தக் கட்டத்தில் தெரியாது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சி.எஸ்.எஸ்.ஸின் விதிமுறை கம்ப்யூட்டட் மதிப்பு என்று சொல்வது இந்தக் கட்டத்தில் கிடைப்பதைத்தான். அதற்கு அப்புறம்தான் லேஅவுட், அதாவது பெட்டிகளைப் பக்கத்தில் அடுக்கும் வேலை. வெளிப்பெட்டி 824 பிக்சல் என்று தெரிந்ததும் பாதி 412 ஆகிறது. விதிமுறையில் இதற்கு யூஸ்டு மதிப்பு என்று பெயர். அந்தப் பெண் கம்ப்யூட்டட் பட்டியலில் பார்த்தது இந்த யூஸ்டு மதிப்பை.

சொத்தில் பாதி உனக்கு என்று உயில் எழுதுவதும், இன்றைய விலைக்கு அந்தப் பாதி நாற்பது லட்சம் என்று கணக்குப் போடுவதும் ஒன்றாகாது. விண்டோவை இழுத்துச் சிறிதாக்கினால் 412 மாறிவிடும், 50% மாறாது. 412 என்று எழுதி அனுப்பினால், 360 பிக்சல் அகலமுள்ள ஆண்ட்ராய்டு ஃபோனில் அந்தப் பெட்டி திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பட்டியலில் இருந்த எண்ணை அப்படியே எடுத்து எழுதியதால் வந்த கோளாறுகளை என் வேலையில் நிறையப் பார்க்கிறேன்.

இதை யாரும் தங்கள் கணினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். அதே பெட்டிக்கு டிஸ்ப்ளே நன் (display: none) என்று கொடுத்து மறைத்துவிட்டு மறுபடி பட்டியலைப் பாருங்கள். 412 பிக்சல் போய், அகலம் 50% என்று நிற்கும். பெட்டியே இல்லாதபோது லேஅவுட் கணக்கு இல்லை, ஆகவே முந்தைய கட்டத்தின் மதிப்பைக் காட்டுகிறது. பட்டியலின் அதே அகல வரியில், ஒரு நிலையில் ஒரு கட்டத்தின் மதிப்பும் இன்னொரு நிலையில் வேறு கட்டத்தின் மதிப்பும் வருகின்றன. அகலம், உயரம், மார்ஜின், பேடிங் போன்றவற்றுக்கு இப்படி. எழுத்தளவு மாதிரியான மற்ற பலவற்றுக்கு எப்போதுமே கம்ப்யூட்டட் மதிப்புதான்.

இந்தக் கலப்பு யாருடைய அலட்சியத்தாலும் வந்ததல்ல. பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரலான ஸ்கிரிப்ட், ஒரு பெட்டியின் மதிப்பைக் கேட்டு வாங்கும் கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் (getComputedStyle) என்ற வசதி, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ.3.சி. அமைப்பு 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட விதிமுறையில் வந்தது. அப்போது நடப்பில் இருந்தது 1998-இன் சி.எஸ்.எஸ். 2. அதில் கம்ப்யூட்டட், யூஸ்டு என்ற பிரிவினை இல்லை. அதைப் பிரித்தது சி.எஸ்.எஸ். 2.1. அது இறுதி வடிவம் பெற்றது 2011 ஜூனில். அதற்குள் எத்தனையோ பக்கங்கள் பிக்சல் கணக்கை நம்பி எழுதப்பட்டுவிட்டன. திடீரென்று 50% என்று பதில் வந்தால் எல்லாம் உடையும். அதனால் வசதியின் நடத்தையை அப்படியே விட்டுவிட்டு, அது தரும் பதிலுக்கு ரிசால்வ்டு மதிப்பு என்று பின்னால் தனிப்பெயர் வைத்தார்கள். பழைய பக்கங்களை உடைக்காமல் காப்பாற்றிய அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் கற்றுக்கொடுக்கிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகளுக்கு வேறு யார் சொல்வார்கள்?

தமிழ்ப் பக்கங்களுக்கு இது இன்னும் முக்கியம். உங்கள் வாசகர்கள் கவனமாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

வரி உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் எழுத்தளவு 20 பிக்சல். லைன்-ஹைட் என்ற இடத்தில் ஒருவர் 1.5 என்று வெறும் எண்ணாக எழுதுகிறார், இன்னொருவர் 150% என்று எழுதுகிறார். கம்ப்யூட்டட் பட்டியலில் இரண்டுக்கும் 30 பிக்சல் என்றுதான் வரும். பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் வெறும் எண்ணாக எழுதியதில் உண்மையான கம்ப்யூட்டட் மதிப்பு 1.5 தான், உள்ளே இருக்கும் பெட்டிகளுக்கும் அந்த 1.5 தான் போகும். சதவீதமாக எழுதியதில் 30 பிக்சல் என்று அங்கேயே கெட்டியாகி, அந்த 30 பிக்சல்தான் கீழே இறங்கும். இப்போது உள்ளே 40 பிக்சலில் ஒரு தலைப்பு இருக்கிறது என்று வையுங்கள். முதல் வகையில் அதன் வரி உயரம் 60. இரண்டாவது வகையில் வெறும் 30. நாற்பது பிக்சல் எழுத்தை முப்பது பிக்சல் வரிக்குள் அடைக்கிறோம்.

தலைப்பு ஒரே வரியில் நின்றால் தெரியாது. ஃபோனில் இரண்டு வரியாக மடங்கும்போது, மேல் வரியில் இருக்கும் ‘ரு’வின் கீழ்விலங்கு, கீழ் வரியில் இருக்கும் ‘கீ’யின் மேல்விலங்கில் போய் மோதும். ‘ஞ’, ‘பூ’ எல்லாம் அடுத்த வரிக்குள் கால் நீட்டும். ஆங்கிலத்தில் கேப்பிடல் எழுத்தில் தலைப்புப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம், அதற்குக் கீழே இறங்கும் கால் கிடையாது. தமிழுக்கு அந்த வழி இல்லை. தாய்ப்பெட்டியில் பட்டியலைப் பார்க்கிறவருக்குக் கோளாறு தெரியாது. தலைப்பையே தேர்ந்தெடுத்து, லைன்-ஹைட் வரிக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால், எந்த விதியிலிருந்து அது வந்தது என்று பிரவுசர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும். அங்கே 150% என்று இருக்கும். அந்த அம்புக்குறியைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரி கூட இல்லாதது எனக்கு வருத்தம்.

அடுத்தது எழுத்துரு. ஃபான்ட்-ஃபேமிலி என்ற வரியில் பாப்பின்ஸ், சான்ஸ்-செரிஃப் என்று காட்டும். பார்ப்பவர் தமிழும் பாப்பின்ஸில்தான் இருக்கிறது என்று நினைத்துவிடுவார். பாப்பின்ஸில் தேவநாகரி உண்டு, லத்தீன் உண்டு, தமிழ் கிடையாது. ஆகவே தமிழ் எழுத்து வரும்போது பிரவுசர் அந்தக் கருவியில் கிடைக்கும் வேறொன்றைத் தேடிப் போகிறது. வழக்கமாக விண்டோஸில் நிர்மலா யு.ஐ., ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ், மேக்கில் தமிழ் சங்கம் எம்.என். மூன்றும் உயரத்திலும் பருமனிலும் வேறு வேறு. ஆனால் மூன்று கருவியிலும் அந்த வரியில் பாப்பின்ஸ், சான்ஸ்-செரிஃப் என்றே இருக்கும், ஏனென்றால் அது கேட்டது என்ன என்பதைச் சொல்கிறது, வரைந்தது எது என்பதைச் சொல்வதில்லை.

வரைந்தது எது என்று தெரிய வேண்டுமானால் குரோமில் அதே கம்ப்யூட்டட் பகுதியின் அடிமட்டத்துக்குப் போக வேண்டும். ரெண்டர்டு ஃபான்ட்ஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கும். எந்த எழுத்துரு, கருவியிலேயே இருந்ததா அல்லது வலையிலிருந்து இறங்கியதா, அதில் எத்தனை கிளிஃப் (வரையப்படும் தனி வடிவம்) என்று சொல்லும். ஃபயர்ஃபாக்ஸில் ஃபான்ட்ஸ் என்று தனி டேப் உண்டு. கிளிஃப் எண்ணிக்கையைப் பார்த்து எழுத்து எண்ணிக்கை என்று நினைத்துவிட வேண்டாம். ‘கொ’ நமக்கு ஓர் எழுத்து, வரையும்போது பெரும்பாலும் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று கிளிஃப். தமிழ்ப் பக்கம் ஒன்றைச் சோதிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மற்ற எண்களெல்லாம் அப்புறம். ஹிந்த் மதுரை, முக்தா மலர், காட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் என்று தமிழுக்கு இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் இருக்கும்போது, பெயரே குறிப்பிடாமல் கருவியின் தயவில் தமிழை விடுவது சரியில்லை.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. 45 டிகிரி சாய்க்கச் சொல்லி எழுதிய டிரான்ஸ்ஃபார்ம் என்ற விதி, பட்டியலில் மேட்ரிக்ஸ் என்று ஆறு எண்களாக வரும். பயப்பட வேண்டாம், அந்த ஆறு எண்கள் சொல்வதும் அதே சாய்வைத்தான். அதே விதியில் இரண்டு மடங்கு பெரிதாக்கச் சொல்லி எழுதியிருந்தால், கண்ணுக்குப் பெட்டி இரண்டு மடங்காகத் தெரியும், அகலம் என்ற வரியில் பழைய எண்ணே இருக்கும்.

இன்னொன்று, ஸ்கிரிப்டுக்கு வேண்டுமென்றே மாற்றிச் சொல்லப்படும் பதில். போய்ப் பார்த்த லிங்க் ஒரு நிறத்தில், பார்க்காதது வேறு நிறத்தில் இருக்குமே, அந்த நிறத்தைக் கெட்கம்ப்யூட்டட்ஸ்டைல் வழியாகக் கேட்டே நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்று ஒரு பக்கத்தால் கண்டுபிடிக்க முடிந்தது. எந்த வங்கி, எந்த நோய்க்கு என்ன தேடினீர்கள் என்பது வரைக்கும். 2010-இல் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் டேவிட் பேரன் இதற்கு ஒரு தீர்வை முன்வைத்தார். அதன்படி, நீங்கள் போய்ப் பார்த்த லிங்க்காகவே இருந்தாலும், பார்க்காத லிங்க்கின் நிறத்தையே அந்த வசதி ஸ்கிரிப்டுக்குச் சொல்லும். மற்ற பிரவுசர்களும் இந்த வழிக்கு வந்தன. நம் அந்தரங்கத்தைக் காக்கச் செய்த இந்த ஏற்பாடு எனக்கு முழுச் சம்மதம். திரையில் ஊதா, ஸ்கிரிப்டில் நீலம் என்று வந்தால் கோளாறு என்று எழுதிவிட வேண்டாம்.

டெஸ்டிங் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பக் ரிப்போர்ட்டில் வெறும் 412 பிக்சல் என்று எழுதாதே. விண்டோவின் அகலம், ஜூம் அளவு, பிரவுசரின் பதிப்பு, தமிழ் என்றால் ரெண்டர்டு ஃபான்ட்டின் பெயர், இவற்றையும் சேர்த்து எழுது. 1920 அகலத் திரையில் 150% ஜூம் வைத்தால் பக்கத்துக்குக் கிடைப்பது 1280 பிக்சல்தான். எழுத்தளவு பட்டியலில் 16 என்றே நிற்கும், ஆனால் சதவீதத்தில் எழுதிய அகலமெல்லாம் மாறியிருக்கும். இந்த விவரம் இல்லாத ரிப்போர்ட்டை டெவலப்பர்கள் ‘எங்க சிஸ்டம்ல வரல’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், ரிப்போர்ட் எழுதிய புதுப் பிள்ளைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் அகலம் வரியைப் பெட்டி தெரியும்போதும் மறைத்தபோதும் எடுத்த இரண்டு படங்களும், ரெண்டர்டு ஃபான்ட்ஸ் பகுதியின் ஒரு படமும் சேர்த்துப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இணையதளத்தையும் ஃபோன் அகலத்தில் திறந்து பார்த்தேன். இரண்டு வரித் தலைப்புகளில் எழுத்துகள் மோதுகின்றன. அம்புக்குறி போய் நின்ற இடத்தில் லைன்-ஹைட் 150% என்று இருக்கிறது. அதை 1.5 என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு உபதலைப்பு, படக்குறிப்பு, பெட்டிச் செய்தி இவற்றையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், அவற்றின் இடைவெளியும் கூடவே மாறும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அல்சூர், பெங்களூரு.