காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் தரப்படும். அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி, சதுரங்கம் என்று எல்லாவற்றிலும் பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. குறுவட்டக் கால்பந்துப் போட்டியில் நம் அணி அரையிறுதி வரை போனது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அந்த அரையிறுதியைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டாம் பாதியில் நம் மாணவர் ஒருவரும் எதிரணி மாணவர் ஒருவரும் பந்துக்காக எம்பியபோது தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். உடற்கல்வி ஆசிரியர் நம் பையனை வெளியே உட்கார வைத்தார். அதன்பின் கோட்டோரம் எழுந்த சத்தத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "நல்லாத்தானே இருக்கான், இறக்குங்க சார்" என்றார்கள். பையனும் "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றான். ஆசிரியர் இறக்கவில்லை. தோற்றோம். மறுநாள் என் அறைக்கு வந்த சிலர் தோல்விக்கு அவர்தான் காரணம் என்றார்கள். பிள்ளைகள் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இருக்காது? உங்கள் ஆதங்கம் புரிகிறது.

ஆனால் நான் வரலாறு நடத்துகிறவன். அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வந்தது 1905ஆம் ஆண்டின் ஹார்வர்டு பல்கலைக்கழக அணி. அமெரிக்கக் கால்பந்து நம் ஆட்டம் இல்லை; பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறவனை மற்றவர்கள் மோதி வீழ்த்தும் ஆட்டம். அப்போது தலைக்கவசமும் கட்டாயம் இல்லை. மூன்று வருடங்களாக யேல் பல்கலைக்கழகத்திடம் தோற்றுக்கொண்டிருந்த ஹார்வர்டு, இந்த முறை எப்படியாவது வென்றாக வேண்டும் என்று பில் ரீட் என்ற இளைஞரைச் சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளராக வைத்தது.

அந்த அக்டோபர் 9ஆம் தேதி அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் அணிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கே அழைத்து, முரட்டுத்தனத்தைக் குறையுங்கள் என்று சொன்னார். அவருடைய மூத்த மகனும் அந்த வருடம் ஹார்வர்டின் முதலாண்டு மாணவர் அணியில் ஆடிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ரீடும் அணியின் மருத்துவர் எட்வர்டு நிக்கல்ஸும் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள். மைதானத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நவம்பர் 25 அன்று யேலுடன் நடந்த ஆட்டத்தில், பந்தைப் பிடித்த ஹார்வர்டு வீரர் பிரான்சிஸ் பர் முகத்தில் அடி வாங்கி மூக்கு உடைந்தார். நடுவர் ஃபவுல் கொடுக்கவில்லை. யேல் 6-0 என்று வென்றது. அதே நாள் நியூயார்க்கில் வேறோர் ஆட்டத்தில் யூனியன் கல்லூரியின் ஹெரால்டு மூர் தலையில் அடிபட்டு இறந்தே போனார். அந்தப் பருவத்தில் அமெரிக்காவில் இந்த ஆட்டம் பலிகொண்டவர்கள் 18 பேருக்குக் குறையாது. அவர்களில் பெரும்பாலோர் கல்லூரிக்காரர்கள்கூட இல்லை, பள்ளிப் பையன்கள்.

நிக்கல்ஸும் ஹோமர் ஸ்மித் என்ற இன்னொரு மருத்துவரும் அந்தப் பருவம் முழுவதும் ஹார்வர்டு அணியின் காயங்களைக் குறித்து வைத்து, 1906 ஜனவரியில் பாஸ்டன் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரே அணியில், ஒரே பருவத்தில் 145 காயங்கள். அதில் மூளை அதிர்ச்சி மட்டும் 19. அப்படி அடிபட்ட ஒவ்வொருவருக்கும், அடிக்கு முன்னும் பின்னும் நடந்தது கொஞ்சமாவது மறந்துபோயிருந்தது. வீரர்களோ அதை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. வளர்ந்த ஆண்களின் கதையே இப்படி என்றால், ஒன்பதாம் வகுப்புப் பையன் "ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்வதை நம்பி அவனை உள்ளே அனுப்ப முடியுமா?

அந்த வருடத்தோடு கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே நிறுத்தியது. மற்றவர்கள் கூடி விதிகளைத் திருத்தினார்கள். நம் பள்ளியில் ஆட்டத்தை நிறுத்தும் எண்ணம் எனக்கு இல்லை. நிறுத்தினால் பாதிப் பிள்ளைகள் என்னோடு பேச மாட்டார்கள். ஆனால் விதி உண்டு. தலையில் அடிபட்ட மாணவர் அன்றைக்கு மீண்டும் இறங்க மாட்டார். மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் பயிற்சிக்கே வரலாம். இதில் விலக்கு கிடையாது. யார் வழியாகவும் சிபாரிசு வேண்டாம். பெற்றோர்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி வந்து ஆசிரியரிடமோ நடுவரிடமோ சத்தம் போட்டால், நம் அணி ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி, ஆட்டத்தை அங்கேயே நிறுத்தச் சொல்வேன்.

சரி, கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அன்று சத்தம் போட்டவர்கள் சிலர்தான். வேன் ஏற்பாடு செய்தவர்களும், வெயிலில் மோரும் வாழைப்பழமும் சுமந்து வந்தவர்களும் அதைவிட அதிகம். நம் பையனை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் இரவு வரை உடனிருந்த அந்த அம்மா அவனுடைய தாய்கூட இல்லை, அவனுடைய நண்பனின் தாய். உங்கள் எல்லோருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. அந்த மாணவர் ஓய்வெடுத்துத் தேறி, தேர்வும் எழுதிவிட்டார்.

விளையாட்டு ஒப்புதல் படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தாயோ தந்தையோ கையொப்பமிட்டு, பள்ளி திறக்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்