தேத்தண்ணீரில் சீனி இல்லை

திருகோணமலை

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கிணற்றில் தண்ணீர் இரண்டு முழம் இறங்கியிருக்கிறது. மாமா வீட்டுக் கூரை வேலை இன்னும் முடியவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது மருமகள் சீனிப் பேணியை நீட்டினாள். நீ கண்ணாலேயே வேண்டாம் என்றாய். மூன்று கரண்டி போடாவிட்டால் கோப்பையைத் தொடாத பிள்ளை நீ. நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஆகவே சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காலையில் பாண் தின்பதை விடு. கனடாவில், உன் ஸ்காபரோவில் குரக்கன் மா கிடைக்காது என்று சொல்லாதே. இந்தியக் கடைகளில் ராகி என்று எழுதியிருக்கும், அது குரக்கன்தான். அதில் பிட்டு அவி. மாவை இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை வறு. உப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விரல் நுனியால் குழை. கையில் பிடித்தால் உருண்டு நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். தேங்காய்ப்பூ கொஞ்சம் போதும். நீற்றுப்பெட்டியில் அவித்தால் ஓலை வாசமும் பிட்டில் ஏறும்.

அளவோடு சாப்பிடு. குரக்கன் என்று குவித்துச் சாப்பிட்டால் அந்த மாவும் இரத்தத்தில் சீனியாகத்தான் சேரும். பாதித் தட்டுக்கு முருங்கையிலை வறையோ வேறு கீரையோ வை. பக்கத்தில் மீன் குழம்பு. அப்பம்மா தவிடு போகாத சிவப்பரிசிச் சோற்றை மலைபோல் சாப்பிட்டார் என்பாய். சாப்பிட்டுவிட்டுத் தம்பலகாமத்து வயலில் பொழுது சாயும்வரை குனிந்து நின்றார். நீ நாள் முழுக்கக் கணினி முன்னால் இருக்கிறாய். அவருடைய சோறு உனக்கு நல்லது, அவருடைய அளவு கூடாது.

முப்பது வருடம் மனையியல் படிப்பித்தவள் சொல்கிறேன். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. தீட்டிய வெள்ளையரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அரிசியைத் தீட்டும்போது நாரும் தவிட்டோடு போய்விடுகிறது. பாணை விடு, தம்பி.

பனியில் இரண்டு வேலை பார்த்து வீடு வாங்கியவன் நீ. கோயிலில் யார் கேட்டாலும் நிமிர்ந்துதான் உன் பெயரைச் சொல்வேன். ஆனால் உன் உடம்பைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொல்ல உனக்கு மனம் வரவில்லை.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

அப்பாவுக்குச் சலரோகம். முள் குத்திய புண் ஆறவில்லை என்று உனக்கு எழுதினேனே, அது முள் அல்ல. 2003இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அப்போது அக்காவுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். குடும்பத்தில் சீனி வருத்தம் என்று தெரிந்தால் கல்யாணம் குழம்பிவிடும் என்று நான்தான் மறைத்தேன். குளிசைகள் தேயிலைப் பேணிக்குள் இருந்தன. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அவருடைய தேத்தண்ணீரில் நானே இரண்டு கரண்டி சீனி போட்டுக் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குடித்தார்.

கல்யாணம் முடிந்த பிறகாவது உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும் என்று வகுப்பில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன்! உனக்குச் சொல்லவில்லை. முன்பே தெரிந்திருந்தால் நீ முன்பே இரத்தம் சோதித்திருப்பாய்.

வருத்தம் இருந்தால் மருந்தை நிறுத்தாதே. குரக்கன் மருந்துக்குப் பதிலாகாது, ஆகும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. இரத்தத்தில் உள்ள சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை இருக்கிறது, 6.5 வீதமும் அதற்கு மேலும் என்றால் சலரோகம் என்று கணக்கு. உன்னுடையது எத்தனை என்று எனக்குச் சொல். மருமகளிடம் கால்களையும் பார்க்கச் சொல், விரல் இடுக்குகளை முக்கியமாக. அக்காவுக்கும் இன்று எழுதுகிறேன்.

அடுத்த மாதம் மாமாவின் மகன் வருகிறான். வறுத்த குரக்கன் மா இரண்டு கிலோவும் புது நீற்றுப்பெட்டியும் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. சீனி போடாத தேத்தண்ணீரை என் முன்னாலேயே குடி.

அன்புடன்,
அம்மா