இ-பாஸோடு இதையும் சேர்க்கலாம்

ஆசிரியருக்கு,

2025 கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் தினமும் 6,000, வார இறுதியில் தினமும் 8,000 வாகனங்கள் என்ற இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) வரம்பு பற்றிய செய்தியைப் படித்தேன். நெரிசல் குறைந்தால் சரி. ஆனால், மலைக்கு வருவோர் செலவழிக்கும் பணம் மலைமக்களிடம் போய்ச் சேர்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை. சென்ற ஆண்டு ஊட்டியில் ஒரு கடையில், நீலகிரியின் தோடர் பழங்குடியினர் கையால் பூவேலை செய்யும் சால்வை கேட்டேன். எடுத்துக் காட்டியது இயந்திரத்தில் தைத்தது. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலைக்கு இந்த நிலை!

இ-பாஸ் தரும் இணையதளத்திலேயே தோடர், கோத்தர் பழங்குடிக் கைவினைஞர்கள் நேரடியாக விற்கும் இடங்களையும், பழங்குடி வழிகாட்டிகளின் விவரங்களையும் வெளியிடலாம். கூடவே அரசுப் பேருந்து நேரங்களையும் போடலாம். பேருந்தில் வந்தால் இ-பாஸே தேவையில்லை என்பது பலருக்குத் தெரியவில்லை.

- வாசகர், மேட்டுப்பாளையம்