கோப்பு இல்லையென்றால் காயமும் இல்லையா?

பணியில் ஏற்பட்ட பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் முன்னாள் ராணுவ வீரர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மருத்துவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் அப்பா பீரங்கிப் படையில் இருந்தவர். 105 மில்லிமீட்டர் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவருக்குக் காதில் அடைத்த பஞ்சுதான் பாதுகாப்பு. இன்று அவரிடம் உரக்கக் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. இராத்திரியில் காதுக்குள் இரைச்சல் அடங்குவதே இல்லை. விண்ணப்பித்தோம். வயதானால் வருவதுதான், பணியோடு தொடர்புபடுத்த ஆவணம் இல்லை என்று பதில் வந்தது.

வயது கெடுத்த காதும் வெடிச்சத்தம் கெடுத்த காதும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியாததா? செவித்திறன் சோதனையின் வரைபடத்தில், சத்தத்தால் பழுதான காது 4000 ஹெர்ட்ஸ் (ஒலியின் அதிர்வெண்) பக்கம் பள்ளமாக இறங்கி, 8000 ஹெர்ட்ஸில் ஓரளவு மேலேறும். முதுமை மட்டுமே காரணமானால் கோடு சரிந்துகொண்டே போகும். எழுபதைத் தாண்டியவர்களுக்கு இரண்டும் கலந்து அந்தப் பள்ளம் மறைந்துவிடக்கூடும். அதனால்தான் படையில் சேரும்போதும் விலகும்போதும் எடுக்கும் சோதனைக்கு அத்தனை மதிப்பு. அதை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டியது படையின் பொறுப்பு. அது இல்லாத குறையைச் சிப்பாயின் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

மனக்காயத்தின் நிலை இன்னும் மோசம். 1968 முதல் 1989 வரை கம்யூனிஸ்டு கிளர்ச்சியை எதிர்த்துக் காட்டில் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம் கிடைத்ததே 1980-இல்தான். எழுபதுகளின் கோப்பில் அந்தப் பெயரைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவில் முன்னாள் வீரர் இப்போதைய நோய், பணிக்கால நிகழ்வு, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து ஆகியவற்றைக் காட்டுகிறார். சான்றுகள் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக நின்றால், சந்தேகத்தின் பலன் அவருக்கே போக வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படை தெளித்த களைக்கொல்லியோடு தொடர்புள்ள சில நோய்களுக்கு, 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனித்தனியாகத் தொடர்பை நிரூபிக்கவே தேவையில்லை.

இங்கேயும் அப்படி ஒரு வழி வேண்டும். மருத்துவக் கோப்பு காணாமல் போயிருந்தால், அவர் எந்தப் பிரிவில், எந்த ஆயுதத்தோடு இருந்தார் என்ற பணிப்பதிவையும் கூட இருந்த தோழர்களின் எழுத்துமூலச் சாட்சியத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மறுப்பதானால், எந்தச் சோதனையைப் பார்த்து, எதனால் மறுக்கிறீர்கள் என்பதை மருத்துவர் கையெழுத்தோடு எழுதிக் கொடுங்கள். மேல்முறையீட்டுக்கு அதுவாவது எங்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பீரங்கி வீரரின் மகள்