மாஸ் ஸ்பெக் வாங்கித் தந்தீர்கள், அதை ஓட்டுகிறவருக்கு வேலையும் தாருங்கள்

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கும், ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறைக்கும்,

வணக்கம். மூலிகை வேதியியலில் பிஎச்டி முடித்தவள் நான். ஒரு பொருளில் என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்று காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (சுருக்கமாக மாஸ் ஸ்பெக்) எங்கள் கல்லூரியில் கிடையாது, அதற்காக இந்த மடல் இல்லை. பல கோடி ரூபாய்க் கருவியைக் கல்லூரிக்கு ஒன்றாக யாராலும் வைக்க முடியாது. சாம்பிளை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு பஸ் பிடித்து ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போனேன், கருவி பழுது, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள், அந்த அடுத்த மாதம் நான்கு மாதமாக நீண்டதில் என் சாம்பிளில் பாதி கெட்டுவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அதே ஊரில் இன்னோர் ஆய்வகத்தில் அதே ரகக் கருவி வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது என்று.

மூலக்கூறுகளை மின்னேற்றி, அவற்றின் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்துப் பிரித்தறியும் கருவி இது. பச்சிளங்குழந்தையின் ஒரு சொட்டு ரத்தத்தில் பிறவி வளர்சிதைக் கோளாறுகள் பலவற்றை ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம், மிளகாய்த் தூளில் இருக்கும் பூச்சிமருந்து எச்சத்தையும் அளக்கலாம். ஆனால் உள்ளே வெற்றிடம் இரவும் பகலும் நிற்க வேண்டும். மின்சாரம் போய் பம்பு நின்றால், மறுபடி வெற்றிடம் பிடித்து அளவீட்டைச் சரிபார்ப்பதற்குள் வேலை நாள்கள் போய்விடும். இதையெல்லாம் கைப்பழக்கத்தில் அறிந்தவர் ஆய்வகத்துக்கு ஒருவரோ இருவரோதான், அவர்களும் பெரும்பாலும் திட்டப் பணத்தில் சம்பளம் வாங்கும் ஒப்பந்தக்காரர்கள். திட்டம் முடிந்தால் ஆள் போய்விடுவார், கருவி மட்டும் நிற்கும்.

கருவிகளைப் பொதுவில் வைப்பது நமக்குப் புதிதில்லை. 1970-களிலேயே சென்னை ஐஐடி, மும்பை ஐஐடி, லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் வட்டாரக் கருவி மையங்களைத் தொடங்கியது உங்கள் துறைதான், இன்று அவற்றை சைஃப் என்கிறோம். 2020-இல் ஐ-ஸ்டெம் என்ற இணையதளமும் வந்தது, எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று அதில் தேடலாம். நல்ல வேலை, மனமார நன்றி. ஆனால் பட்டியலில் இருக்கும் கருவி இன்று ஓடுகிறதா, கையில் ஆள் இருக்கிறதா, வரிசை எவ்வளவு நீளம், இதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் பழுதானால் என் சாம்பிளை இன்னோர் இடத்துக்கு மாற்றிவிட அதிகாரமுள்ள ஒருவர் வேண்டும். சுவீடனில் பயோஎம்எஸ் என்ற பெயரில் பல பல்கலைக்கழகங்களின் மாஸ் ஸ்பெக் மையங்களைத் தேசிய அமைப்பாகக் கோத்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஒரு கோடி மக்களுக்கு மேல் உள்ள நகரங்களே சில உண்டு, சுவீடன் முழுவதும் அவ்வளவு பேர்தான், அப்படியிருக்க நமக்கு இது இன்னும் அவசரம் இல்லையா?

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரித்துண்டுக்கு கி.மு. 580 என்று நாள் சொன்னது அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஆய்வகம், முறை முடுக்கி மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, அதாவது கரியில் மிச்சமிருக்கும் கார்பன்-14 அணுக்களை எண்ணிக் காலத்தைக் கணிப்பது. அந்த வகைக் கருவி டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்திலும் இருக்கிறது, அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்திலும் இருக்கிறது. அகழாய்வுக் குழியில் நிற்கிறவர் யாரிடம் கேட்பது, எத்தனை நாளில் முடிவு வரும் என்பது ஒரே இடத்தில் தெரிந்தால் கரித்துண்டு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மாஸ் ஸ்பெக்குக்கும் பணம் ஒதுக்கும்போதே பத்து ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் ஒரு நிரந்தரத் தொழில்நுட்பப் பணியிடத்தையும் சேர்த்தே ஒதுக்குங்கள், அந்தப் பணியிடத்துக்குப் பதவி உயர்வும் இருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை ஒரே சோதனைச் சாம்பிளை எல்லா மையங்களுக்கும் அனுப்பி, யாருடைய அளவு எவ்வளவு விலகுகிறது என்று வெளியிடுங்கள், சென்னையில் வரும் எண்ணும் லக்னோவில் வரும் எண்ணும் ஒத்துப்போனால்தான் இரண்டையும் ஒரே ஆய்வுக் கட்டுரையில் சேர்க்க முடியும். இதற்கெல்லாம் முன்னால், பொதுப் பணத்தில் வாங்கிய மாஸ் ஸ்பெக்குகளில் எத்தனை இந்த வாரம் ஓடுகின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சாம்பிள் பெட்டியோடு அலைந்த ஒரு முன்னாள் ஆய்வு மாணவி